கல்மரங்களும் கார்த்திகைப் புயலும்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இரவை வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் வாழும் நம் அங்கத்தினர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கார்த்திகை மாதத்தின் நடுப்பகுதியான அன்றிரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அதன் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகமே கொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் நம் கரையைத் தாக்கிய தானே புயலின் காற்றோ 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. தானே வந்தபோது முந்திரியும் பலாவும் தென்னையும் வரிசை வரிசையாகச் சாய்ந்ததை நாம் கண்டோம். காற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஃபெஞ்சல் தானேயின் பக்கத்தில் நிற்கத் தகுதியற்ற சிறு புயலே ஆகும்.

ஆனால் ஃபெஞ்சல் கரையேறிய பின்னர் விரைந்து அகலவில்லை. பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் அதிகம். நம் ஊரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 130 சென்டிமீட்டர்தான். அதாவது, ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் இறங்கியது. இதனை விவசாயியின் கணக்கில் சொல்வதானால், ஒவ்வோர் ஏக்கர் நிலத்தின் மீதும் 18 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் கொட்டப்பட்டது.

தானே காற்றால் அழித்தது. ஃபெஞ்சல் நீரால் அழித்தது. இனி நம் பிள்ளைகள் காலத்தில் வரப்போகும் புயல்கள் எத்தகையனவாக இருக்கும்? உலகம் வெப்பமடைந்து வருகிறது என்று யாவரும் சொல்கிறார்கள். அந்த வெப்பம் புயலை என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடும் விஞ்ஞானிகள், வருங்காலத்தை அறிவதற்கு மிகப் பழங்காலத்தைத் தோண்டிப் பார்க்கிறார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. அச்செய்தியின் சாரத்தை நம் வாசக அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் பழங்காலம்?

இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது 1875ஆம் ஆண்டில். வானிலிருந்து புயலைப் படம் பிடிக்கும் செயற்கைக் கோள்கள் வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே நம்மிடம் உள்ள முறையான கணக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு உட்பட்டது. அந்தக் காலம் முழுவதிலும் பூமி இன்று இருக்கும் அளவுக்கு வெப்பமாக இருந்ததில்லை. குளிர்ந்த நாளின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வெயில் நாளில் பாவு எப்போது உலரும் என்று சொல்ல முடியாதல்லவா? அதுபோலவே, வெப்பம் மிகுந்த உலகில் புயல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய, முன்னொரு காலத்தில் உலகம் வெப்பமாக இருந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்பது இன்றியமையாததாகிறது.

இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்துவிட்டது. ஏறத்தாழ முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிளியோசீன் என்னும் காலத்திலும் கரியமில வாயு 400 பங்கு அளவில் இருந்தது. அப்போது பூமியின் சராசரி உஷ்ணம், இயந்திரத் தொழில்களுக்கு முந்திய நிலையைவிட 2.5 முதல் 4 டிகிரி வரை கூடுதலாக இருந்தது. அக்காலத்தில் நாளேடு எழுதுவார் யாருமில்லை. ஆயினும் கல்லும் மண்ணும் கடலடிச் சேறும் தம் கணக்கை எழுதியே வைத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டதே இக்கால விஞ்ஞானத்தின் பெருமை.

நம் ஆற்றங்கரைச் சாட்சி

அத்தகைய பழங்கணக்கைக் காண நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. செல்லிப்பட்டைத் தொட்டுக்கொண்டு ஓடும் சங்கராபரணி ஆற்றின் கரையோடு மேற்கே சென்றால் திருவக்கரை வருகிறது. அங்குள்ள வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க நம் குடும்பங்கள் பௌர்ணமி நாளில் செல்வது வழக்கம். சென்றவர்களுள் எத்தனை பேர் அவ்வூரின் கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம்!

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள அவ்விடத்தில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் எனக் கணித்திருக்கிறார்கள். உலகம் இன்றைக்கு இருப்பதைவிட வெப்பமாக இருந்த காலம் அது. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் கிடக்கின்றன. வெட்டு முகத்தில் ஆண்டு வளையங்கள் போன்ற வரிகளைக்கூடக் காணலாம். ஆனால் கூர்ந்து பார்ப்போர் ஒன்றைக் கவனிப்பர். அவற்றுக்குக் கிளைகள் இல்லை, வேர்களும் இல்லை, நின்ற நிலையில் ஒரு மரமும் இல்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல என்பதற்கு இதுவே சான்று. வேறெங்கோ வளர்ந்த பெருமரங்களை வெள்ளம் பெயர்த்து உருட்டி, கிளையும் வேரும் ஒடியக் கொண்டுவந்து, மணலில் புதைத்திருக்கிறது. பின்னர் நிலத்தடி நீரிலிருந்த மணற்சத்து மரத்தின் நார்களுக்குள் நுழைந்து, நார் இருந்த இடமெல்லாம் கல்லாக்கியது.

இங்கே நாம் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திருவக்கரை மரங்கள் வெள்ளத்தின் வலிமையைச் சொல்கின்றன. அந்த வெள்ளத்தைக் கொணர்ந்தது புயலா, பருவமழையா என்று சொல்வதில்லை. இத்தகைய கல்லில் காற்றின் வேகம் பதிவதில்லை. நீரின் வேகமே பதிகிறது. பழங்கால ஆராய்ச்சி பலவற்றுக்கும் பொருந்தும் உண்மை இது. ஆகவேதான் வெப்பமான காலங்களைப் பற்றி விஞ்ஞானிகள் உறுதியாகக் கூறுவனவற்றுள் முதலிடம் பெறுவது மழையும் வெள்ளமுமே ஆகும்.

வங்கக் கடலின் அடிச்சேறு

திருவக்கரை ஒரு நொடிப்பொழுதின் படம் என்றால், தொடர்ச்சியான கணக்கு வங்கக் கடலின் அடியில் உள்ளது. ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் என்னும் துளையிடும் ஆராய்ச்சிக் கப்பல் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வங்கக் கடலுக்கு வந்து, கடலடிச் சேற்றை நீண்ட தூண்களாக அள்ளி எடுத்தது. மகாநதிப் படுகைக்கு அப்பால் எடுக்கப்பட்ட ஒரு தூணில், ஒன்பது லட்சம் ஆண்டுகளின் வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

அச்சேற்றில் கண்ணுக்கெட்டாத நுண்ணுயிர்களின் ஓடுகள் உள்ளன. மழை மிகுந்த ஆண்டுகளில் ஆறுகள் நன்னீரைக் கடலில் கொட்டும்; கடலின் உப்புத்தன்மை குறையும்; அந்த மாறுதல் அவ்வுயிர்களின் ஓட்டில் பதியும். ஓட்டைச் சோதித்தால், அவ்வுயிர் வாழ்ந்த நாளில் நீர் எவ்வளவு வெப்பமாகவும் எவ்வளவு உப்பாகவும் இருந்தது என்பது விளங்கும். அமெரிக்காவிலுள்ள பிரவுன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் கிளமென்ஸ் முதலானோர் இவ்வாறு கணக்கிட்டு, 2021ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு கூடி, துருவப் பனி குறைந்து, உலகம் வெப்பமடைந்த காலங்களிலெல்லாம் தெற்காசியாவின் கோடைப் பருவமழை வலுத்தது என்பதே அவர்கள் கண்டது. வருங்காலத்துக்கெனக் கணிப்பொறிகள் போடும் கணக்கும் அதனையே சொல்கிறது. கடந்த ஒன்பது லட்சம் ஆண்டுகளும் வரப்போகும் நூறு ஆண்டுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

நம் வயல்களுக்கு உயிரூட்டுவது கோடைப் பருவமழையன்று, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே என்று அன்பர்கள் சுட்டிக்காட்டலாம். அது உண்மையே. அந்தச் சேறு நம் புயல்களை நேராக அளக்கவில்லை. ஆயினும் மழைக்கு அடிப்படையான விதி ஒன்றுதான். ஆடியில் பெய்யும் மேகமும் கார்த்திகையில் பெய்யும் மேகமும் கடலிலிருந்தே நீரை எடுக்கின்றன.

தொலைநாட்டுக் கூழாங்கற்கள்

இன்னும் பின்னால் சென்றால், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் 5 முதல் 6 டிகிரி வரை வெப்பமடைந்த ஒரு காலம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் பிரெனே மலைகளின் தென்புறத்தில் அக்காலத்து மண்ணடுக்குகளை ஆராய்ந்தவர்கள் வியத்தகு மாறுதலைக் கண்டார்கள். அதற்கு முன்பு அங்கே ஓடிய ஆறுகள் மென்மையான வண்டலையே படியவிட்டன. வெப்பம் ஏறியதும், அதே ஆறுகள் கூழாங்கற்களை உருட்டிவந்து சமவெளி முழுவதும் விரித்தன. சிற்றோடையால் கல்லை உருட்ட இயலாது. பெருவெள்ளமே அதனைச் செய்யும். ஆக, அந்த வெப்ப காலத்தில் மழை சீராகப் பெய்யாமல், பெய்யும்போது கொட்டித் தீர்த்தது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

நாம் முன்பு குறிப்பிட்ட பிளியோசீன் காலத்துப் புயல்களைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. பெடரோவ், பிரையர்லி, இமானுவேல் என்னும் மூவர், அக்காலத்துக் கடல் வெப்பத்தைக் கணிப்பொறியில் இட்டு, புயல்கள் எங்கே தோன்றியிருக்கும் என்று கணக்கிட்டு 2010ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெப்பமான கடற்பரப்பு அகன்றிருந்தமையால், புயல்கள் இன்றைவிடப் பரந்த வெளியில் உலவியிருக்கும் என்பது அவர்கள் முடிவு. இது சேற்றில் கண்டதன்று, கணக்கில் கண்டதே. ஆகவே இதனைக் கல்லின் சாட்சிக்குச் சமமாக வைக்காமல், அதற்கு அடுத்த இடத்தில் வைப்பதே முறையாகும்.

காரணம் யாது?

கஞ்சியிட்ட பாவைத் தெருவில் விரித்துக் காயவிடும் நெசவாளி இதன் காரணத்தை ஏற்கெனவே அறிந்திருக்கிறார். நல்ல வெயிலில் பாவு விரைவில் உலர்கிறது. பனி மூட்டமுள்ள காலையில் உலர மறுக்கிறது. வெப்பமான காற்று அதிக ஈரத்தை ஏற்றுக்கொள்ளும்; குளிர்ந்த காற்று குறைவாகவே ஏற்கும். உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால், காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. இது இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான்.

புயல் என்பது அந்த ஈரத்தையே உணவாகக் கொண்டு வாழ்வது. கடலின் மேற்பரப்பு 26 அல்லது 27 டிகிரிக்கு மேல் வெப்பமாக இருந்தால், நீராவி மேலெழுந்து மேகமாகக் குளிர்கிறது. அவ்வாறு குளிரும்போது, ஆவியாவதற்குத் தான் எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் மேலே இழுக்கிறது. கீழே வெற்றிடம் போன்ற தாழ்வு நிலை ஏற்பட்டு, சுற்றிலும் இருந்து ஈரக்காற்று விரைந்து வருகிறது. கடல் எவ்வளவு வெப்பமோ, புயலுக்கு அவ்வளவு தீனி.

ஃபெஞ்சலைப் போன்ற ஒரு புயல், ஒரு டிகிரி கூடுதல் வெப்பமுள்ள உலகில் அதே வழியில் வந்து அதே இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஈரம் கூடுவதைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால், 46 சென்டிமீட்டர் மழை 49 சென்டிமீட்டராகிறது. மூன்று சென்டிமீட்டர் பெரிதா என்று கேட்கலாம். ஓர் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் அது. ஏற்கெனவே கரை ததும்பி நிற்கும் வாய்க்காலில் மேலும் வந்து விழும் தண்ணீர்! நிறைந்த குடத்தில் விழும் ஒரு செம்பு நீர்தான் தரையை நனைக்கிறது.

காற்றின் கணக்கும் உண்டு. காற்றின் வேகம் நூற்றுக்கு 5 கூடினால், அது சுவரையும் மரத்தையும் தள்ளும் விசை நூற்றுக்கு 10 கூடுகிறது. எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் கூடி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, புயல்களின் எண்ணிக்கை பெருகும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை அப்படியே இருக்கலாம், குறையவும் கூடும் என்கிறது. ஆனால் வருவனவற்றுள் கடும்புயல்களின் பங்கு கூடும் என்றும், அவை கொண்டுவரும் மழை பெருகும் என்றும் கூறுகிறது.

ஆயினும், ஒவ்வொரு புயலையும் உலக வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவது தவறு. 1761 ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், பெரும்புயல் ஒன்று வீசி அவர்களுடைய போர்க்கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்ததை வரலாறு கூறுகிறது. அன்று நிலக்கரிப் புகை உலகைச் சூழ்ந்திருக்கவில்லை. புயல் நம் கரைக்குப் பழைய விருந்தாளி. வெப்பம் அதனைப் படைக்கவில்லை; அதன் மூட்டையின் கனத்தையே கூட்டுகிறது.

நமக்கு இதில் என்ன?

பழங்காலச் சாட்சிகள் அனைத்தும் சேர்ந்து நமக்குச் சொல்வது ஒன்றே: காற்றுக்கு அஞ்சுவதுபோல் தண்ணீருக்கும் அஞ்சுக. நம் வழக்கமோ இதற்கு மாறானது. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண் என்ன என்று கேட்டு, எண் சிறிதானால் நிம்மதியாக உறங்கிவிடுகிறோம். அந்தக் கூண்டு கப்பல்களுக்காக ஏற்பட்டது. அது வயலுக்கும் தறிக்குமான மழையை அளந்து சொல்வதில்லை. மழைக்கென வானிலைத் துறை தரும் சிவப்பு எச்சரிக்கையிலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழைக்கு அது பொது. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்புதான். 46 சென்டிமீட்டருக்கும் சிவப்புதான்.

நெசவாளர் நிலை தனிக் கவனத்துக்குரியது. மாடி வீட்டுக்காரருக்கு வெள்ளம் வாசலில் வரும். குழித்தறி நெய்பவருக்கோ அது மிதி இருக்கும் குழியிலிருந்தே ஊறி மேலெழும். தெருவில் தண்ணீர் நிற்காத நாளிலும், நிலத்தடி நீர் உயர்ந்தால் குழி நிறையும். மிதி நனைந்தால் ஓரிரு வாரக் கூலி போகும். பாவும் நூலும் நனைந்தால் ஒரு மாத உழைப்பும் கடனும் சேர்ந்து போகும். புயல் பல மணி நேரம் நின்று பெய்யும் மழையாக மாறுமானால், முதலில் இழப்பவர் குழித்தறிக்காரரே. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் குழியின் விளிம்பைச் செங்கல் வைத்து உயர்த்துவதும், நூலையும் சாயத்தையும் பரணில் ஏற்றுவதும், சங்கக் கட்டடத்தில் உயரமான ஒரு பொதுச் சரக்கறையை அங்கத்தினருக்கு ஒதுக்குவதும் செலவு குறைந்த, பயன் மிகுந்த காரியங்கள்.

பயிரிடுவோர் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. கார்த்திகைப் பெருமழையில் நட்டு வளர்ந்துவரும் சம்பா மூழ்குகிறது. மணிலாவும் காய்கறியும் அழுகுகின்றன. நீரில் மூழ்கினும் பத்து நாள் வரை தாங்கக்கூடிய சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 போன்ற நெல் வகைகள் இன்று உண்டு. தாழ்ந்த நிலமுடையோர் வேளாண்மை அலுவலரைக் கலந்து அவற்றைப் பரிசீலிக்கலாம். பயிர்க் காப்பீட்டை உரிய நாளுக்குள் செய்துகொள்ளல் வேண்டும். மேகம் கறுத்த பின் காப்பீட்டு அலுவலகத்தைத் தேடுவதில் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வெள்ளம் நம் ஊரில் மட்டும் பெய்வதன்று. செஞ்சிப் பகுதியில் பெய்யும் மழையும் வீடூர் அணையிலிருந்து திறக்கப்படும் மிகுநீரும் சங்கராபரணி வழியாகச் செல்லிப்பட்டுக்கு வருகின்றன. 32 அடி கொள்ளும் அவ்வணை நிறைந்துவிட்டதென்றால், நம் ஊரில் வானம் வெளுத்திருந்தாலும் ஆறு பெருகும். பாகூர் அன்பர்களுக்கு இதே பாடத்தைத் தென்பெண்ணை கற்பித்தது. ஃபெஞ்சல் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்ட, 2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. புயல் போய்விட்டது என்று எண்ணியிருந்த வேளையில் வெள்ளம் வந்து சேர்ந்தது.

செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட படுகை அணை ஆற்று நீரைத் தேக்கிச் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்றுக்கண்ணாக விளங்கியது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கிய கட்டடம் ஏன் உடைந்தது என்பதில் பொறியாளர்கள் பல காரணம் கூறலாம். நாம் சொல்ல விரும்புவது வேறு. ஓர் அணையையோ மதகையோ வடிகாலையோ கட்டும்போது, எவ்வளவு வெள்ளம் வரும் என்று பழைய மழைக் கணக்கைப் பார்த்தே அளவு குறிக்கிறார்கள். தாத்தா காலத்து மழைக்கு அளவெடுத்த சட்டை பேரன் காலத்து மழைக்குப் போதாது. ஆகவே நம் ஆற்றில் எது கட்டப்பட்டாலும், எது செப்பனிடப்பட்டாலும், வரப்போகும் மழையையும் கணக்கில் சேர்த்தீர்களா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. தனி ஒருவர் கேட்டால் அது மனுவாகும். சங்கம் கூடிக் கேட்டால் அது தீர்மானமாகும்.

அடுத்த பௌர்ணமியன்று திருவக்கரை செல்லும் அன்பர்கள், அம்மனைத் தரிசித்த பின் அரைமணி நேரம் கல்மரங்களிடையே நடந்து வருமாறு வேண்டுகிறோம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வேரில்லாமல், கிளையில்லாமல் கிடக்கும் அந்த மரங்களைக் காட்டி, இவற்றை இங்கே கொண்டுவந்து போட்டது தண்ணீர் என்று சொல்லுங்கள். பிறகு ஊர் திரும்பி, ஐப்பசிக்கு முன் உங்கள் தெரு வடிகாலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.